பூஜையறை, தொழுகைப் பாய், வீட்டுப்பாடம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை. எழுதியவர்கள் மூன்று மதத்தார் என்றாலும் கவலை ஒன்றுதான். வீட்டில் ஊட்டும் பக்தி பிள்ளையின் படிப்புக்குக் கைகொடுக்கிறதா, குறுக்கே நிற்கிறதா?

என் பையன் மூன்றாம் வகுப்பு. செவ்வாய், வெள்ளியில் விளக்கேற்றும்போது பாட்டியோடு சேர்ந்து நீளமான முருகன் துதியைத் தடங்கல் இல்லாமல் சொல்லுவான். அதையே புத்தகத்தில் காட்டி ஒரு வரி படி என்றால் திணறுகிறான். எழுத்துக் கூட்ட வரவில்லை என்று பள்ளியிலும் சொல்கிறார்கள். மனப்பாடம் செய்ய வைத்தது தப்பா?
– வாசகி, குடியாத்தம்

தப்பே இல்லை அம்மா. அது அவன் கையில் இருக்கும் நல்ல முதல். படிக்கப் பழகும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. எழுத்தை ஒலியாக்க வேண்டும், அந்த ஒலி எந்தச் சொல் என்றும் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்த துதியில் இரண்டாவது வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. வாய் ஓடுகிறது, கண்தான் கூட ஓடவில்லை. இனி இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டியதுதான் பாக்கி.

பாராயணப் புத்தகத்தை அப்படியே கொடுக்காதீர்கள். அதில் எழுத்து பொடிசு, சொற்களும் புணர்ந்து ஒட்டியே அச்சாகியிருக்கும். எங்கே ஒரு சொல் முடிகிறது என்று பெரியவர்களுக்கே குழப்பம் வரும். ஒரு சார்ட் அட்டையில் நான்கே நான்கு வரிகளை, சொல்லுக்குச் சொல் இரண்டு விரல் இடம் விட்டு, ஒரு அங்குல உயரத்தில் எழுதுங்கள். முதல் இரண்டு நாள் அவன் சொல்லச் சொல்ல விரல் ஒவ்வொரு சொல்லாக நகரட்டும். விரல் முந்தினாலும் பிந்தினாலும் திட்டாமல் வரியின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். மூன்றாம் நாள் மூன்றாவது வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இங்கேதான் தடுமாறுவான், ஏனென்றால் முதல் வரியிலிருந்து ஓடினால்தான் மனப்பாடம் வரும். நடுவில் நிறுத்தினால் கண் வேலை செய்தே ஆகவேண்டும். நான்காம் நாள் அதே வரிகளைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதில் ஒரு சொல்லை அவனுடைய தமிழ்ப் பாடப் புத்தகத்தில் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

பெரும்பாலான பிள்ளைகள் சறுக்கும் இடம் கொம்பு. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. அதனால் பிள்ளை 'எ… க…' என்று கூட்டுவான். விரலை முதலில் 'க' மேல் வைத்து, பிறகு கொம்புக்குப் பின்னோக்கிக் கொண்டுபோகப் பழக்குங்கள். 247 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை. 'க' வரிசையில் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மற்ற வரிசைகளுக்கும் அதுவே பொருந்தும்.

இன்னொன்று, விளக்கேற்றும் நேரத்தைப் பாட நேரமாக்காதீர்கள். அங்கே திட்டு வாங்கினால் சாமியறைப் பக்கமே வரமாட்டான். ஆனால் பொருள் கேட்கலாம். உங்களுக்குப் பக்கத்துக் காங்கேயநல்லூரில் 1906-ல் பிறந்த கிருபானந்த வாரியார், சொற்பொழிவு நடுவே முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பரிசு கொடுப்பார். பாட்டியும் அப்படி நாளுக்கு ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கட்டும்.

பீடி சுற்றுகிறேன். வீட்டில் உருது பேசுவோம். அரபி ஓதத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. பெரியவன் ஹிஃப்ஸ் (குர்ஆன் மனனம்) செய்கிறான், நன்றாக ஓதுகிறான். சின்னவன் அரசுப் பள்ளியில் நாலாவது, தமிழில் ரொம்பப் பின்தங்கிவிட்டான். எழுத்தே தெரியாத நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?
– வாசகி, பேரணாம்பட்டு (மகள் எழுதிக் கொடுத்தது)

நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும். உஸ்தாத் (ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்) பெரியவனிடம் எப்படிக் கேட்கிறார் என்று யோசியுங்கள். சபக் அன்றைக்குப் புதுசு. சபக்கி சமீபத்தில் முடித்தது. மன்ஸில் பழசு. புதுசு கொஞ்சம், பழசு நிறைய, ஒவ்வொரு நாளும் ஒருவர் காதால் கேட்பது. குர்ஆனை நெஞ்சில் நிறுத்துவது இந்த முறைதான். சின்னவனுக்கும் இதையே வையுங்கள். தமிழ்ப் பாடத்தில் புதிதாக ஐந்து வரி, முந்தைய மூன்று நாள் படித்தது ஒரு பக்கம், போன மாதப் பாடம் ஒன்று. மொத்தம் இருபது நிமிடம். வாய்ப்பாட்டுக்கும் இதே முறை ஒத்துவரும்.

எழுத்து தெரியாமல் தப்பை எப்படிப் பிடிப்பது? அதே ஐந்து வரியை இரண்டு தரம் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தரம் சொல் மாறினால் ஊகித்துப் படிக்கிறான் என்று அர்த்தம். பிறகு படித்ததை உருதுவில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் ஒலி மட்டும்தான் வந்திருக்கிறது, பொருள் வரவில்லை. ஒரே சொல்லில் மூன்று தரம் நின்றால் அதன் கீழே பென்சில் கோடு போட்டு மறுநாள் டீச்சரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உருது வீட்டுப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உருதுவில் அழுத்தமான 'k' ஒலிக்கு ஒரு எழுத்து, மென்மையான 'g' ஒலிக்கு வேறு எழுத்து. தமிழில் பாக்கு, பங்கு, பகல் மூன்றிலும் ஒரே 'க', ஒலி மூன்று. எது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையை மந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். மகளிடம் சொல்லி இதைக் காட்டச் சொல்லுங்கள்: இரட்டித்தால் அழுத்தம், ங், ஞ், ண், ந், ம் பக்கத்தில் மென்மை, இரண்டு உயிர் ஒலிக்கு நடுவிலும் மென்மை. ட, த, ப-வுக்கும் இதேதான். சில பிள்ளைகள் ஓதிவிட்டு வந்த சூட்டில் வலமிருந்து இடமாக விரலை ஓட்டுவார்கள். தமிழ் வரியின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

அவன் படிக்கும்போது முறத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம், தூள் காற்றில் பறக்கும். வாசற்படியில் உட்காரட்டும், சத்தம் உங்கள் காதுக்கு வந்தால் சரி. எவ்வளவு அவசரமானாலும் இலை வெட்டவோ நூல் கட்டவோ அவனைக் கூப்பிடாதீர்கள். 14 வயதுக்குள் பிள்ளையைப் பீடி வேலையில் வைப்பது சட்டப்படி குற்றம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதாரில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயரும் இருந்தால் அங்கேயே நின்றுபோகும். ஜூன் மாதத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

மகள் பிளஸ் டூ. பொதுத்தேர்வு ரமலானில் வருகிறது. நோன்பை விடமாட்டேன் என்கிறாள். பள்ளியில் விடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகர், ஆம்பூர்

பருவம் எய்திய, உடல்நலத்தோடிருக்கும் பிள்ளைக்கு நோன்பு கடமை. அவள் பிடிவாதத்தில் தவறில்லை. 2025-ல் பிளஸ் டூ தேர்வு முழுக்க நோன்பு மாதத்துக்குள்ளேயே முடிந்தது. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், இனி திருப்புதல் தேர்வுகளிலும் இதே கேள்வி வரும்.

தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கி 1.15-க்கு முடிகிறது. சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) முடிந்து ஐந்து மணி நேரத்தில் தேர்வு தொடக்கம். அந்த நேரத்தில் பசி பெரிய எதிரி அல்ல. பிள்ளையைக் கவிழ்ப்பது தூக்கக் குறைவு. தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) முடிந்து வந்து பதினொன்று வரை படித்து, நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான். மூன்றாவது தேர்வில் கண் எழுத்தின் மேல் நிற்காது. தேர்வு நாட்களில் இரவு ஒன்பதரைக்கே படுக்கட்டும், தராவீஹைப் பெண் பிள்ளை வீட்டிலேயே சுருக்கமாகத் தொழலாம். படிப்பை ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பிறகு 5.30 முதல் 7.30 வரை வையுங்கள். வயிறு நிறைந்து, தண்ணீர் குடித்து, வீதி அமைதியாக இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் நோன்பு மாதம் தரும் கொடை. கணக்கு, இயற்பியல் போன்றவற்றை அப்போது படிக்கட்டும். தேர்விலிருந்து வந்ததும் மதியத் தொழுகையான லுஹர் தொழுது ஒரு மணி நேரம் தூக்கம். அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு புதுப் பாடம் தொடவேண்டாம், படித்த வினாக்களைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

சஹரில் பிரியாணியும் ஊறுகாயும் வேண்டாம், உப்பும் எண்ணெயும் பத்து மணிக்கே தாகம் எழுப்பும். சோறு அல்லது சப்பாத்தி, பருப்பு, முட்டை, தயிர், ஒரு வாழைப்பழம். டீயைத் தவிர்க்கலாம். எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர், முடிவில் ஒன்று. நோன்பு திறந்த பிறகு பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு படுக்கும் வரை ஆறு டம்ளர் தண்ணீரைப் பிரித்துக் குடிக்கட்டும். பஜ்ஜி, சமோசா தட்டு படிக்கும் பிள்ளை முன்னால் வரவேண்டாம்.

காய்ச்சல், வாந்தி, தலைசுற்றிக் கண் இருட்டுவது என்றால் தாமதிக்காதீர்கள். நோயாளி விட்ட நோன்பை வேறு நாட்களில் களா செய்யலாம் (ஈடுகட்டலாம்) என்று குர்ஆனே சலுகை தருகிறது. இன்சுலின் போடும் பிள்ளையென்றால் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கவே கூடாது. இதைத் தேர்வுக்கு முந்தைய நாளில் பேசாமல், ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே பள்ளிவாசல் இமாமையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

மகன் பத்தாவது. காலாண்டில் கணக்குக்கு 28. தினமும் குடும்ப ஜெபம் பண்ணுகிற வீடு எங்களுடையது. "கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்கவில்லை, இனி பண்ணமாட்டேன்" என்கிறான். சண்டே ஸ்கூலை நிறுத்திவிட்டு டியூஷனுக்கு அனுப்பலாமா?
– வாசகி, காட்பாடி

இரண்டு முடிச்சையும் தனித்தனியாக அவிழ்க்க வேண்டும். முதலில் விடைத்தாள். அவனோடு உட்கார்ந்து இழந்த 72 மதிப்பெண்ணை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாமல் விட்டது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். கையால் பழகினாலே வரும் 16 மதிப்பெண் அவை. தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், வரைபடம் என்று தினம் ஒன்று, நாற்பது நாள். மொட்டைப் பென்சிலும் ஆடும் காம்பஸுமே பாதி மதிப்பெண்ணைத் தின்றுவிடும், முதலில் அதை மாற்றுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களைப் பாடப் புத்தகப் பயிற்சியிலிருந்து முடித்தால் 14-ல் பத்தாவது கிடைக்கும். தேர்ச்சிக்கு வேண்டியது 35.

இனி ஜெபம். "நீ சரியா ஜெபம் பண்ணல, அதான் மார்க் போச்சு" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். விளையாட்டாகச் சொன்னாலும் பிள்ளை அதைக் கணக்குப் பார்த்துவிடும்: இத்தனை ஜெபத்துக்கு இத்தனை மார்க். கணக்கு ஒத்துவராதபோது கோபம் கர்த்தர் மேல் திரும்புகிறது. அந்தப் பேச்சு இனி வேண்டாம். அவன் கோபத்தைக் கண்டித்து அடக்கவும் வேண்டாம். சங்கீதங்களிலேயே "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று முறையிடும் குரல் இருக்கிறது, அதை அவனோடு வாசியுங்கள். குடும்ப ஜெபத்தில் மதிப்பெண்ணைச் சொல்லி வேண்டாமல், அன்று செய்ததைச் சொல்லி நன்றி சொல்லுங்கள்: "இன்றைக்கு இரண்டு தொடுகோடு வரைந்தான், ஸ்தோத்திரம்."

சண்டே ஸ்கூலை நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் அந்த 72-ஐ இழக்க வைக்கவில்லை. நண்பர்களும், தோற்றாலும் தன்னை ஏற்றுக்கொள்ளும் பெரியவர்களும் இருக்கும் இடம் அது. இந்த ஆண்டு அவனுக்கு அது இன்னும் கூடுதலாகவே தேவை.

எங்கள் பெண் படிக்கும் உதவிபெறும் பள்ளியில் வேறு மத வழிபாட்டில் எல்லாரும் கலந்துகொள்ள வேண்டுமாம். எப்படிச் சொல்வது?
– வாசகர், ஆரணி

அரசியலமைப்பின் 28(3) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில், 18 வயதுக்குக் கீழான பிள்ளையைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்த முடியாது. முதலில் வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள். பல பள்ளிகளில் அதே நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும், சொல்ல மறந்திருப்பார்கள். இல்லையென்றால் தலைமையாசிரியருக்கு அரைப் பக்கக் கடிதம்: பிள்ளை பெயர், வகுப்பு, "எங்கள் சம்மதம் இல்லை, அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்க அனுமதிக்கவும்." இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தில் அந்த மதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மற்றவர் கும்பிடும்போது அமைதியாக நிற்க மகளுக்குப் பழக்குங்கள், அவள் தோழிகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஹால் டிக்கெட்டை ரத்தினகிரி முருகன் பாதத்தில் வைத்து எடுக்கலாம் என்றிருக்கிறோம். தேர்வன்று காலையா, முந்தின நாளா?
– வாசகர், வாலாஜாப்பேட்டை

முந்தின நாள் காலையில் போய்விட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுங்கள். தேர்வன்று மலையேறி இறங்கினால் கால் நோகும், பஸ் தாமதமானால் பதற்றமும் சேரும். ஹால் டிக்கெட்டுக்கு முதலில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, அசலைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுங்கள். புகைப்படத்தின் மேல் குங்குமமோ சந்தனமோ பட்டால் தேர்வு அறையில் முகம் பார்த்துச் சரிபார்ப்பவருக்குச் சிரமம். மொட்டை, பால்குடம் என்று வேண்டுதல் ஏதாவது இருந்தால் அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையே இருக்கட்டும். "உனக்காகத்தான்டா வேண்டிக்கிட்டேன், ஏமாத்திடாதே" என்று கிளம்பும்போது பையனிடம் சொல்லவேண்டாம். திருநீறு பூசி, இரண்டு பேனா இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.