பூஞ்சை மூளைக்குள் போகும் வழி

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள என் தம்பிக்கு மூன்று வாரமாகத் தலைவலி, வாந்தி. மூளையில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை என்கிறார்கள். மூளைக்குக் கிருமி போகாமல் ஒரு தடுப்பு உண்டாமே, அதை எப்படித் தாண்டியது? முதுகில் ஊசி போட்டு ஒருமுறை நீர் எடுத்துவிட்டார்கள், மறுபடியும் எடுக்கணுமாம். சம்மதிக்கலாமா?
– வாசகி, தேனி

பதில்: தயங்காமல் சம்மதியுங்கள் அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

புறா எச்சம் காய்ந்த தூசியிலும் மண்ணிலும் இருக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை இது. மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அங்கேயே அடங்கிக் கிடக்கும். எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்புச் சக்தி வெள்ளணுக்களான சிடி4 அணுக்கள், ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 100-க்குக் கீழே இறங்கும்போதுதான் பெரும்பாலும் ரத்தத்தில் கிளம்புகிறது.

மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கும். அதுதான் நீங்கள் கேட்ட தடுப்பு. பூஞ்சை அதை உடைத்துத்தான் போக வேண்டும் என்றில்லை. தன் மேலுள்ள ஹையலூரானிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளால், சுவர்ச் செல்லில் இருக்கும் சிடி44 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. செல்லே அதை உள்ளே இழுத்து மறுபக்கம் விட்டுவிடுகிறது. பூஞ்சை சுரக்கும் எம்பிஆர்1 என்ற நொதியும் இதற்குத் துணை. இன்னொரு வழியும் உண்டு. பூஞ்சையை விழுங்கிய வெள்ளணு அதைக் கொல்ல முடியாமல், வயிற்றில் சுமந்தபடியே மூளைக்குள் போய்விடும்.

உள்ளே போன பிறகுதான் பெரிய ஆபத்து. பூஞ்சையும் அது உதிர்க்கும் வழவழப்பான சர்க்கரைப் பொருளும் மூளைநீர் வடியும் வாய்களை அடைத்துவிடும். நீர் தேங்கி அழுத்தம் ஏறும். பார்வையும் உயிரும் போவது பல நேரம் இந்த அழுத்தத்தால்தான். மருந்து உடனே அதை இறக்காது. முதுகில் ஊசி போட்டு எடுப்பது இந்த மூளைநீரைத்தான். அப்போது அளக்கும் அழுத்தம் 25 செ.மீ. நீர் உயரத்துக்கு மேல் இருந்தால், 20-க்குக் கீழேயோ பாதியளவுக்கோ வரும்வரை நீரை எடுப்பார்கள். மறுபடி ஏறினால் தினமும்கூட எடுக்க வேண்டிவரும். "தண்டுவட ஊசி போட்டால் கால் விளங்காது" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் குத்துகிறார்கள்.

மருந்து: உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தபடி, லைப்போசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே தவணை, கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகொனசோலும். சிறுநீரகம் பாதிக்கலாம், ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

தம்பி எச்.ஐ.வி. மாத்திரை இன்னும் தொடங்கவில்லையென்றால் அவசரப்படுத்தாதீர்கள். 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் தொடங்குவார்கள். முன்னதாகத் தொடங்கினால், திரும்பிவரும் எதிர்ப்புச் சக்தியே மூளையில் வீக்கத்தை உண்டாக்கிவிடலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டுங்கள். ஆளுக்கு ஆள் தொற்றாது.