வென்லாஃபாக்சினை விட்ட மூன்றாம் நாள் தலைக்குள் ஷாக்

மனச்சோர்வுக்கான மருந்தான வென்லாஃபாக்சினை (75 மி.கி.) சட்டென்று விட்ட மூன்றாம் நாளே தலைக்குள் ஷாக் அடிப்பதும் கிறுகிறுப்பும் என்றால், அது பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதன் விளைவுதான். மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

உடம்பில் இந்த மருந்து சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அது மாறி உருவாகும் பொருளுக்கும் சுமார் 11 மணி நேரம்தான். பழகிப்போன மூளைக்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து வாரக்கணக்கில் தங்குவதால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

கண்ணை இடவலமாக வெடுக்கென்று திருப்பும்போது ஷாக் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால், இது மருந்தை நிறுத்தியதன் விளைவுதான் என்பதில் சந்தேகம் இன்னும் குறைகிறது. நோய் திரும்புவது பொதுவாகப் பல வாரங்களில், மெல்ல நடக்கும்.

இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். வழக்கமாகப் பழைய அளவைத் திரும்பத் தொடங்கி, அடங்கியபின் 37.5 மி.கி.க்கு இறக்கி, சில வாரம் அங்கேயே நிறுத்துவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடாதீர்கள். அளவு ஏறி இறங்கி இதே அவதிதான் வரும். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் எக்ஸ்ஆர் (XR) வகையை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.