இரவு பதினொன்றுக்கும் மூடாத மடிக்கணினி

காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் இரவு பதினொன்று வரை வேலை, சனி ஞாயிறில் புது நிரல்மொழி படிக்காவிட்டால் குற்ற உணர்வு என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

முதலில் வேலை நேரம். அந்த 14 மணி நேரத்தில் உருப்படியாக நிரல் எழுதியது எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நான் குறித்தபோது வெட்கமாகிவிட்டது. இரவு ஒன்பதுக்கு மேல் எழுதியதில் பாதியை மறுநாள் காலை நானே அழித்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் முறையை வகுத்த கென்ட் பெக், 1999-லேயே வாரம் 40 மணி நேரம் என்பதை அதன் நடைமுறைகளில் ஒன்றாக வைத்தார். ஒரு வாரம் கூடுதலாக உழைக்கலாம். அடுத்த வாரமும் அப்படியென்றால் கோளாறு திட்டத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். மேலாளரிடம் "களைப்பாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள், எடுபடாது. இரவில் எழுதியதால் முளைத்த பிழைகளின் பட்டியலைக் காட்டுங்கள்.

மடிக்கணினியை மூடியபின்னும் மண்டைக்குள் நிரல் பிழை ஓடுகிறது என்றீர்களே, அதற்கு ஒரு கைவைத்தியம்: எழுந்திருக்கும் முன், நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையைத் தோல்வி நிலையிலேயே விட்டு, நாளைக்கு முதலில் எதைத் தொடவேண்டும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எழுதியதை மூளை அவ்வளவாகச் சுமப்பதில்லை, என் அனுபவத்தில்.

சனி ஞாயிறு விஷயம் சுலபம். பிடித்தால் படியுங்கள், பயத்தில் படிக்காதீர்கள். அப்புறம், அந்த அலுவலக அரட்டைச் செயலியைக் கைப்பேசியிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.