எடிட்டிங் பக்கம் போனால் இயக்குநர் ஆக முடியாதா?

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு மாத உதவியாளர் வேலை, எடிட்டிங் அறையில் மூணு மாத இன்டர்ன்ஷிப், இரண்டில் எதுன்னு கேட்டிருக்கீங்க. எடிட்டிங் பக்கம் போனா இயக்குநர் கனவு போயிடுமோன்னு பயமும் சொல்லியிருக்கீங்க. நானா இருந்தா யோசிக்காம எடிட்டிங் அறைக்குப் போவேன்.

தளத்துல புதுசா வர்றவங்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் கூட்டத்தை ஒதுக்குறதும் வாக்கி டாக்கிக்கு சார்ஜ் போடுறதும்தான். எடிட்டிங் அறையிலோ தளத்துல நடந்த தப்பெல்லாம் உங்க முன்னாடி வந்து உட்காரும். 180 டிகிரி கோட்டை (பேசுற ரெண்டு பேரையும் இணைக்கிற கற்பனைக் கோடு) கேமரா தாண்டி எடுத்ததால, எதிரெதிரே பேசுற ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிற ஷாட்டுகள். படத்தையும் சத்தத்தையும் பொருத்த உதவுற கிளாப்பை ஷாட்டுல அடிக்க மறந்ததால உதட்டசைவைப் பார்த்தே சத்தத்தைச் சேர்த்து ஓடிப்போற அரை நாள். ரூம் டோன், அதாவது யாரும் பேசாதப்போ அந்த இடத்துல இருக்கிற மெல்லிய சத்தம், எடுக்காம விட்டதால வசனங்களுக்கு நடுவே விழுற ஓட்டை. இதைச் சரிபண்ண உட்கார்ந்தவங்க அப்புறம் தளத்துல மறக்கவே மாட்டாங்க. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்த டேவிட் லீன், 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த ராபர்ட் வைஸ் ரெண்டு பேருமே எடிட்டரா இருந்து இயக்குநரானவங்கதான்.

சேருறதுக்கு முன்னாடி உதவித்தொகை, வேலை நேரம், டைட்டில்ல பேர் வருமா, மூணையும் மின்னஞ்சல்ல கேட்டு வாங்கிடுங்க. உங்ககிட்டயே கட்டணம் கேட்டா அது இன்டர்ன்ஷிப்பே இல்லை, விட்டுடுங்க.

முதல் வாரம் ஃபுட்டேஜ், அதாவது தளத்துல எடுத்த காட்சிகளைக் காப்பி பண்ற வேலைதான் வரும். எப்பவும் 3 பிரதி வைங்க, 2 வகைச் சேமிப்புல, அதுல 1 பிரதி வேற இடத்துல. பிரதிகளைச் சரிபார்க்கிற வரைக்கும் மெமரி கார்டை ஃபார்மட் பண்ணாதீங்க. நான் ஒரு தடவை பண்ணியிருக்கேன். அந்தக் கதை இன்னொரு நாள்.