பிரஷர் கேள்விகள்: டாக்டர் பதில்கள்

"எனக்கு பிரஷர் 150. மாத்திரை தொடங்கலாமா?" (கும்பகோணம்)

கீழ் எண் எங்கே? வயது, சர்க்கரை உண்டா, எத்தனை முறை பார்த்தீர்கள், ஒன்றையும் எழுதவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் பாருங்கள். சராசரி 135/85-ஐத் தாண்டினால் அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போங்கள்.

"160/100 என்று மாத்திரை எழுதிவிட்டார்கள். தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லையே?" (திருப்பூர்)

பெரும்பாலானவர்களுக்கு எதுவும் இருக்காது. அதற்குள் இதயச் சுவர் தடிக்கும், சிறுநீரகம் கெடும். பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான் பிரஷர் இருந்ததே சிலருக்குத் தெரிகிறது. மாத்திரையைப் போடுங்கள். நார்மல் ஆனதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நார்மல் ஆனதே அதனால்தான்.

"உப்புக்குப் பதில் இந்துப்பு?" (தூத்துக்குடி)

அதுவும் சோடியம்தான். எதுவானாலும் நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, அப்பளமும் அந்தக் கணக்கில் உண்டு.

"பிரஷருக்கு டெல்மிசார்டன் ஒழுங்காகப் போட்டும் 160-க்குக் கீழே இறங்கவில்லை. போலி மாத்திரையாக இருக்குமோ?" (மதுரை)

மூட்டு வலிக்கு ஆறு மாதமாக தினமும் இரண்டு டைக்ளோஃபெனாக், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதானே முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்! வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், டெல்மிசார்டனின் வேலையையும் கெடுக்கும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். எத்தனை முறை எழுதிவிட்டேன்! பேர் தெரியாமல் கிழித்துக் கொடுக்கிறார்களே 'செட் மாத்திரை', அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும், அதுவும் பிரஷரை ஏற்றும். சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம்தான். கேட்டு வாங்குபவர் மேலும் கொஞ்சம் உண்டு. டைக்ளோஃபெனாக்கை விடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், ஃபிசியோதெரபி என்று வழி இருக்கிறது. இந்த வாரமே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும்), பொட்டாசியம் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை டெல்மிசார்டனை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"பிரஷருக்கு அம்லோடிபின் தொடங்கியதிலிருந்து கணுக்கால் வீங்குகிறது." (வேலூர்)

அந்த மாத்திரையின் குணம் அது. டோஸைக் குறைக்கலாம், வேறு மாற்றலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக... சரி, தெரியுமே.

"மகளுக்கு ஏழாம் மாதம். 150/100, முகமும் வீங்கியிருக்கிறது. அடுத்த செக்கப்பில் காட்டலாமா?" (சேலம்)

கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமா இது? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வலிப்பு வந்துவிட்டால் தாய், பிள்ளை இரண்டு பேருக்கும் ஆபத்து.

"மணிக்கட்டில் கட்டும் மெஷின் வாங்கலாமா?" (காரைக்குடி)

வேண்டாம். மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். பருமனான கை என்றால் பெரிய பட்டை கேளுங்கள்; சின்னது கூட்டிக் காட்டும். சட்டைக்கு மேலே கட்டாதீர்கள். அப்புறம், அந்த ஐந்து நிமிடம்.