கைகுலுக்க வைத்தால் போதுமா?

வணக்கம் சார்,

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. ஊரும் பெயரும் வெளியே வர வேண்டாம். போன மாதம் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. தண்டிப்பதற்குப் பதிலாகப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவது, நடந்த பாதிப்பைச் செய்தவனையே சரிசெய்ய வைப்பது. ‘ரெஸ்டோரேட்டிவ்’ முறை என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் ஒன்பதாம் வகுப்பில் 58 பேர். வட்டம் போட இடமே இல்லை. முயன்று பார்த்தேன், பையன்கள் சிரித்தே கெடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரமே ஒரு சண்டை. ஒருவன் இன்னொருவனைச் சாதியைச் சொல்லித் திட்டி, சட்டையைக் கிழித்துவிட்டான். தலைமையாசிரியர் இருவரையும் அழைத்து, ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம் எழுதவைத்து, கைகுலுக்கச் சொல்லி அனுப்பினார். “உங்க பயிற்சில சொன்ன மாதிரியே பேசி முடிச்சாச்சு டீச்சர்” என்றார். திட்டு வாங்கிய பையன் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. இதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான் சரிப்படுமா?

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்தப் பையனைப் போய்ப் பாருங்கள். அவன் எதற்காக மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது? உங்கள் தலைமையாசிரியர் செய்தது பஞ்சாயத்து. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்து, சத்தம் வெளியே போகாமல் முடித்துவிட்டார். நீங்கள் பயிற்சியில் கேட்ட முறை அடிபட்டவனிடமிருந்து தொடங்க வேண்டியது. என்ன நடந்தது, இப்போது உனக்கு என்ன வேண்டும் என்று அவனைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். அவன் சம்மதிக்காமல் எதிரெதிரே உட்காரவைக்கவே கூடாது. அவன் பட்டியல் சாதிப் பிள்ளை என்றால் புகார் கொடுக்கும் உரிமையை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்குத் தந்திருக்கிறது. ஒரு கைகுலுக்கலால் அதைப் பறித்துவிட முடியாது. வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் ஒரு பிளஸ் டூ மாணவன், உடன் படிப்பவர்கள் சாதியின் பேரில் தொல்லை கொடுப்பதைப் பள்ளியில் சொன்னான். இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. பிள்ளை வாய்திறந்து சொன்ன பிறகு பள்ளி அவனுக்கு என்ன பாதுகாப்பு கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதன் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றித்தான் டிவியில் விவாதம் நடந்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு ஒரு நல அலுவலர் வேண்டும் என்றும் அது சொல்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பிள்ளை போய்ச் சொல்வதற்கென்றே ஓர் ஆள்.

அமெரிக்கா பற்றிக் கேட்டீர்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் சிவில் உரிமை வழக்கறிஞர் ஃபானியா டேவிஸும் மற்றவர்களும் 2005 வாக்கில் ஓர் அமைப்பைத் தொடங்கி, கோல் என்ற நடுநிலைப் பள்ளியில் இதைச் செய்து பார்த்தார்கள். 2010இல் அந்த நகரக் கல்வி மாவட்டமே இதைத் தன் கொள்கையாக ஏற்றது. அங்கே கறுப்பினப் பிள்ளைகளை மற்றவர்களைவிட மிக அதிகமாக சஸ்பெண்ட் செய்தார்கள். அதைக் குறைக்க 2012இல் மத்திய அரசின் கல்வித் துறையோடு ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது. ஆக, இந்த முறை அங்கே பரவியதற்குச் சமத்துவம் ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் சாதியை ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் செய்தால் உங்கள் தலைமையாசிரியர் அறையில் நடந்ததுதான் நடக்கும்.

எல்லா இடத்திலும் பலித்தது என்றும் சொல்ல மாட்டேன். பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் இந்தத் திட்டத்தைக் கொடுத்து, ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டு ஆராய்ந்தது. 2018 கடைசியில் அறிக்கை வந்தது. சஸ்பென்ஷன் நாட்கள் குறைந்தன, கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையருக்கும் இருந்த இடைவெளியும் குறைந்தது. ஆனால் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் மதிப்பெண் சரிந்தது. ஆசிரியர்களோ இதற்கெல்லாம் நேரமே கிடைக்கவில்லை என்றார்கள். உங்கள் 58 பேர் கணக்கும் அதுதானே.

பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. இரண்டு நாள் ஹாலில் உட்கார்ந்து கேட்டது வகுப்பறைக்குள் தானாகப் போய்ச் சேராது. ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை எழுதிவிட்டார்கள்: பள்ளிக்குத் திரும்பிய பிறகு கூடவே நின்று கைகொடுக்க ஓர் ஆள் இருந்தால்தான் கற்றது நடைமுறைக்கு வரும்.

அந்த ஆள் என்ன செய்வார்? கடைசி பெஞ்சில் ஒரு நோட்டோடு உட்காருவார். நீங்கள் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள், யாரை ‘டேய்’ என்றீர்கள், பீரியட் முழுக்க யாரைக் கூப்பிடவே இல்லை என்று பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வருவார். பெல் அடித்ததும் தாளை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, “நீங்களே பாருங்க, என்ன தெரியுது?” என்பார். அவ்வளவுதான். கேள்விகள் முன் இரண்டு பெஞ்சிலேயே நின்றுவிட்டன, ‘டேய்’கள் எல்லாம் ஒரே தெருவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போயிருக்கின்றன என்பது மாதிரி ஏதாவது அதில் தெரியலாம். அந்தத் தாள் தலைமையாசிரியருக்குப் போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் வேறு மாதிரி பாடம் நடத்துவோம்.

நம்மிடம் இதற்கு ஆளே இல்லை என்றில்லை. வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவையும் பதிவேடுகளையும் சரிபார்க்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. அந்த வேலைகளைக் குறைத்து வகுப்பில் உட்காரவிட்டால் எவ்வளவோ மாறும். ஆசிரியர் சங்கங்கள் இதைக் கோரிக்கையாகவே வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை என்ன செய்வது? 58 பேருக்கு வட்டம் போடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேராக, மரத்தடியில், சண்டை எதுவும் இல்லாத நாளில் தொடங்குங்கள். “இந்த வாரம் வகுப்புல உனக்கு எது பிடிச்சது?” அளவுக்குப் போதும். சும்மா பேசிப் பழகாத பிள்ளைகள் சண்டை நாளில் எப்படிப் பேசுவார்கள்? வகுப்புத் தலைவன் போர்டில் பேசியவர்கள் பெயர் எழுதும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். எதற்கெடுத்தாலும் ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்பதையும்தான். சித்தாள் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது ஒரு நாள் கூலி. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அரை நாள் பர்மிஷன். ஒரே தப்புக்கு இரண்டு வேறு தண்டனை.

அப்புறம், அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். மாதம் ஒருமுறை வகுப்பில் வந்து உட்கார ஓர் ஆளை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் உங்களுக்கு ஒத்துவரும் சக ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். வாரம் ஒரு ஃப்ரீ பீரியடில் அவர் உங்கள் வகுப்பில் உட்காரட்டும், இன்னொன்றில் நீங்கள் அவர் வகுப்பில் உட்காருங்கள். முதல் மாதம் பெயர்களுக்குப் பக்கத்தில் கோடு போடுவது மட்டும் போதும். இரண்டு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.