டெமோசோலமைடுக்கு மசியாத மூளைக்கட்டி: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி. பயாப்ஸி அறிக்கையில் "எம்ஜிஎம்டி மெத்திலேஷன் இல்லை" என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

பதில்: மருந்தைப் பொறுத்தவரை நல்ல செய்தி இல்லை. டெமோசோலமைடு என்ற கீமோதெரபி மாத்திரை டிஎன்ஏவில் பல இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டும். சுமார் 70 சதவீதம், டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான குவானினின் 7ஆம் நைட்ரஜனில் போய் உட்காரும். அதைச் செல் எளிதில் சரிசெய்துகொள்ளும். செல்லைக் கொல்வது 6ஆம் ஆக்சிஜனில் ஒட்டும் 5 சதவீதம் சொச்சம்தான். எம்ஜிஎம்டி என்ற பழுதுபார்க்கும் புரதம் குறிவைப்பது அதைத்தான்: மெத்திலைப் பிடுங்கித் தன் 145ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனில் ஏற்றிக்கொண்டு, தானும் சிதைந்துபோகும். எம்ஜிஎம்டி மரபணுவை இயக்கும் பகுதியான புரோமோட்டரில் மெத்திலேஷன் (மெத்தில் ஒட்டியிருப்பது) இருந்தால் இந்தப் புரதம் உற்பத்தியாவது அடங்கிவிடும். அப்பாவின் கட்டியில் அது அடங்கவில்லை. (மருந்து ஒட்டும் மெத்தில் வேறு, புரோமோட்டரில் ஏற்கெனவே இருப்பது வேறு. பலரும் குழம்புவது இங்கேதான்.)

கேள்வி: அப்படியானால் மாத்திரை வீண்தானா?

பதில்: 2005இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். மெத்திலேஷன் உள்ளவர்களில் பாதிப்பேர் கதிர்வீச்சு மட்டும் பெற்றபோது 15.3 மாதம் தாண்டினார்கள். டெமோசோலமைடும் சேர்ந்தபோது 21.7 மாதம். மெத்திலேஷன் இல்லாதவர்களுக்கு அதே கணக்கு 11.8, 12.7. பலன் மெலிது. வயது, உடல்வலு பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார்.

கேள்வி: ஒரு மெத்திலுக்கு ஒரு எம்ஜிஎம்டி செலவாகிறது என்றால், மருந்தைக் கூட்டிக் கொடுத்து மொத்தத்தையும் தீர்த்துவிடலாமே?

பதில்: செய்து பார்த்தாயிற்று. 28 நாள் சுற்றில் 5 நாள் கொடுப்பதற்குப் பதிலாக 21 நாள் கொடுத்த பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. ஆயுள் நீளவில்லை, லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் குறைவும் களைப்பும்தான் கூடின. எம்ஜிஎம்டியை முடக்கும் பென்சைல்குவானினும் எலும்பு மஜ்ஜைக்கு எம்ஜிஎம்டி தரும் பாதுகாப்பைச் சேர்த்தே பறித்தது. அதனால் டெமோசோலமைடு அளவைக் குறைக்க வேண்டிவந்தது.

கேள்வி: மெத்திலேஷன் இருந்து, நன்றாகக் கேட்ட கட்டி திரும்பி வந்ததும் ஏன் கேட்பதில்லை?

பதில்: இங்கே கதை தலைகீழ். செல் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது, மெத்தில் ஏறிய குவானின் எதிரே சைட்டோசினுக்குப் பதில் தைமின் வந்து உட்காரும். பொருந்தாத ஜோடிகளைச் சரிசெய்யும் மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்கள் தைமினை வெட்டி எறியும். ஆனால் கோளாறு எதிர் இழையில் இருப்பதால் மறுபடி தைமினே வரும். வெட்டி வெட்டியே இழை முறிந்து செல் சாகும். அதாவது, மருந்து கொல்வதற்கு இந்தப் பழுதுபார்ப்பு வேண்டும். இந்தப் புரதங்களைத் தரும் எம்எஸ்ஹெச்6 போன்ற மரபணுவில் பிறழ்வு வந்த செல் தைமினைச் சகித்துக்கொண்டு பிழைக்கும், பிறழ்வுகளும் மளமளவென்று குவியும். இத்தகைய கட்டிக்கு டெமோசோலமைடையே திருப்பிக் கொடுப்பதில் பொருளில்லை. லோமுஸ்டின் என்ற வேறு கீமோ மருந்து டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் குறுக்கே பிணைத்துக் கொல்வது. அதற்கு மிஸ்மேட்ச் ரிப்பேர் தேவையில்லை. ஆனால் எம்ஜிஎம்டி இருந்தால் அதுவும் தடுமாறும்.

கேள்வி: ஆய்வகத்தில் எம்ஜிஎம்டி புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. ரத்தக்குழாய்ச் செல்களும் நோயெதிர்ப்புச் செல்களும் சாயம் ஏற்கும். புரோமோட்டர் சோதனையிலும் கவனம் வேண்டும்: மெத்தில் இல்லாத சைட்டோசினை மட்டும் மாற்றும் பைசல்பைட் வினை அரைகுறையானால் இல்லாத மெத்திலேஷன் இருப்பதாகத் தெரியும், துண்டில் கட்டிச் செல் குறைவானால் இருப்பது மறையும்.

கேள்வி: கதிர்வீச்சு முடிந்து 2 மாதத்தில் எம்ஆர்ஐயில் கட்டி பெரிதாகத் தெரிகிறது. மருந்து தோற்றுவிட்டதா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதல் 12 வாரத்தில் சிகிச்சையின் வீக்கமே கட்டிபோலத் தெரியலாம். மெத்திலேஷன் உள்ளவர்களிடம் இது அதிகம். கதிர்வீச்சு பட்ட பகுதிக்கு வெளியே ஸ்கேனில் புதிதாக எதுவும் ஒளிராத வரையில், நோயாளியின் நிலையும் மோசமாகாவிட்டால், மருந்தைத் தொடர்ந்தபடியே சில வாரங்களில் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள்.